மண்ணெண்ணெய்க் காரும் மோட்டார் வீடும்

எள்ளிலிருந்து பெறப்படும் நெய் எண்ணெய். எள்ளும் நெய்யும் புணருமிடத்து ளகரமும் நகரமும் திரிந்து எண்ணெய் என நிற்றலைக் கீழ் வகுப்பு மாணாக்கரும் அறிவர். தேங்காயெண்ணெய் என்னும்போது அங்கே எள்ளுக்கு வேலையில்லை. மண்ணெண்ணெய் என்னும்போதோ மண்ணும் எள்ளும் நெய்யும் ஒருங்கு கூடி, மூன்றனுள் மண் ஒன்றே மெய்யாய் நிற்கின்றது. தமிழ் கற்பிப்போர் இவ்வளவோடு அமைந்துவிடலாம். இயந்திரத்திலே இவர்க்கு என்ன வேலை என வினவுவாரும் உளர். ஆயினும், இம் மண்ணெண்ணெயை எம்மவர் ஐந்தாண்டுக் காலம் துளி துளியாய் எண்ணிச் செலவிட்டு, அதனைக் கொண்டே விளக்கேற்றி, நீரிறைத்து, காரும் ஓட்டிய வரலாறு உண்டாதலின், சொல்லோடு நின்றுவிடாது பொருளுக்கும் புகுகின்றோம்.

அவ்வாறு புகுதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. எமது பழைய மாணவருட் பலர் இன்று கனடா, நோர்வே, சுவிற்சர்லாந்து முதலாய குளிர்நாடுகளில் வாழ்கின்றனர். நெடுந்தொலை லொறி ஓட்டி அதனுள்ளேயே உறங்குவோரும், விடுமுறை நாட்களில் மோட்டார் வீட்டிலே குடும்பத்தோடு உலாவுவோரும் அவருள் இருக்கின்றனர். மோட்டார் வீடாவது படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் உள்ளே அமைந்து, வீடும் வண்டியும் ஒன்றேயாய் ஓடும் பெரிய ஊர்தி. அதனைச் சூடாக்குவது பெரும்பாலும் டீசல் எரிக்கும் சிறு கருவியே. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலே புகை கக்கி ஓடிய மண்ணெண்ணெய்க் காரை அறிந்தவர்க்கு இக்கருவி புதியதன்று என்பதைக் காட்டுவதே எமது கருத்து.

முதற்கண் ஓர் உண்மையைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். மண்ணெண்ணெய் எரிகின்றது என நாம் உலக வழக்காற் கூறுகின்றோமேனும், எரிவது அத் திரவம் அன்று. அதிலிருந்து எழும் ஆவியே. அவ்வாவியும் காற்றோடு தக்க அளவிற் கலந்தபோது மட்டுமே தீயை ஏற்கும். பெற்றோலானது பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றுதற்குப் போதிய ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கோ 38 பாகை செல்சியசு அளவிலோ அதற்கு மேலோ சூடு வேண்டும். டீசலுக்கு 50 பாகைக்கு மேல் வேண்டும். யாழ்ப்பாணத்து வெயில் எத்துணைக் கொடிதாயினும் நிழலில் வைத்த எண்ணெயின் சூடு பெரும்பாலும் 35 பாகைக்குள் அடங்கும். மண்ணெண்ணெய்ப் போத்தல் அடுக்களை மூலையிற் குடியிருக்க, பெற்றோலுக்கு அவ்வுரிமையை எவரும் வழங்காதது இதனாலேயே. மண்ணெண்ணெயும் டீசலும் சூட்டைத் தருவதற்கு முன்னர் எம்மிடம் சூட்டைக் கேட்பன. கேட்ட சூட்டை எவ்வாறு கொடுப்பது என்பதே விளக்கு முதல் மோட்டார் வீடு வரை எல்லாவற்றுக்கும் பொதுவான வினா.

அவ்வினாவுக்கு மனிதன் கண்ட முதல் விடை திரி. பஞ்சுத் திரியின் நுண்ணிய துளைகள் வழியே எண்ணெய் தானாக மேலேறுகின்றது. நுனியிலுள்ள சுடர் தன் சூட்டினால் அடுத்து வரும் எண்ணெயை ஆவியாக்குகின்றது. அவ்வாவி சுடரை வளர்க்கின்றது. எரிபொருளை ஊட்டுவதும் அதனை ஆவியாக்குவதுமாகிய இரு தொழிலையும் ஒரு முழம் நூல் செய்துவிடுகின்றது. பொருளாதாரத் தடைக் காலத்திலே எம் வீடுகளில் எரிந்த ஜாம் போத்தல் விளக்கை இளைய மாணவர் பலர் கண்டிரார். போத்தலின் அடியிற் சிறிது பஞ்சு. அதன்மேற் சிறிதளவு மண்ணெண்ணெய். கம்பியொன்றால் நிமிர்த்தி நிறுத்திய மெல்லிய திரி. சுடர் போத்தலுக்குள்ளே நின்றமையாற் காற்று அதனை அலைக்கவில்லை; எண்ணெயைப் பஞ்சு உறிஞ்சி வைத்திருந்தமையால் விளக்குச் சரிந்தாலும் எளிதிற் கொட்டுண்ணவில்லை. அவ்வொளி ஒரு புத்தகத்தின் இரு பக்கங்களுக்கு மட்டுமே போதும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் மூவரும் தலையோடு தலை முட்டியே படித்தனர். பரீட்சைக்குப் படித்தோரின் மூக்குத் துவாரங்கள் காலையிற் கரிபடிந்திருந்தமையையும் ஈண்டுக் குறித்தல் தகும். எண்ணெய் முற்றாக எரியாதவிடத்து எஞ்சுவது கரி. பின்னர் மோட்டார் வீட்டைப் பற்றிப் பேசுமிடத்தும் இக்கரி வரும்.

திரியினும் ஒரு படி மேம்பட்டது பெற்றோல்மாக்ஸ். கோயிற் றிருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் நாட்டுக்கூத்துக்கும் அதனை ஏற்றுவோர், முதலிற் சிறு கிண்ணத்திலே ஸ்பிரிற்று ஊற்றிக் கொளுத்துவர். சிறுவர் பலர் அச் சிறு தீயையே விளக்கின் ஒளி என எண்ணி ஏமாறுவர். அத் தீ ஒளிக்காக அன்று. எண்ணெய் ஏறிவரும் குழாயைச் சூடாக்குதற்காக. குழாய் சூடான பின்னர்க் காற்றடித்து அமுக்கினால், மேலேறும் மண்ணெண்ணெய் குழாய்க்குள்ளேயே ஆவியாகி மென்டிலை வெண்ணிறமாய் ஒளிரச் செய்யும். பொறுமையற்றவர் குழாய் சூடேறுமுன் காற்றடித்தால் விளக்கு முழுவதும் தீப்பற்றிக் கரும்புகை எழும். பந்தலில் இருந்தோர் எழுந்து விலகுவர்.

இதே முறையை எம் தோட்டக்காரர் வேறொரு கருவியிற் கற்றனர். தெல்லிப்பழைச் செம்மண்ணிலே வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைவது கிணற்று நீரால். துலாவில் ஏறி மிதித்து இறைத்த காலம் மாறி, இங்கிலாந்திலிருந்தும் யப்பானிலிருந்தும் வந்த சிறு இறைப்பு இயந்திரங்கள் பரவின. அவற்றுட் பல மண்ணெண்ணெயில் ஓடுவன. பெரிய தாங்கியில் மண்ணெண்ணெயும் அதனருகே சிறிய கூட்டிற் பெற்றோலும் இருக்கும். முதலிற் பெற்றோலில் இயக்கிச் சில நிமிடம் ஓடவிட்டு, இயந்திரம் கைபொறாத சூட்டை அடைந்தபின் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி அணைப்பவரே அறிந்தவர். அல்லாதவர் மறுநாட் காலையிற் கயிறு இழுத்துத் தோள் நோவர். ஏனெனில், ஆறிய இயந்திரத்தில் எஞ்சி நின்ற மண்ணெண்ணெய் ஆவியாகாது.

இனிக் காருக்கு வருவாம். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டதும் வடபகுதிக்குப் பல பொருட்கள் தடுக்கப்பட்டன. பெற்றோலும் டீசலும் பற்றரியும் அவற்றுள் அடங்கும். மின்சாரம் நின்றது, புகைவண்டி நின்றது. மண்ணெண்ணெய் அளவோடு வந்து பன்மடங்கு விலைக்கு விற்றது. பெற்றோலைக் குப்பிகளிற் கண்டனர். அக்காலையிலேதான் கொட்டில்களில் முடங்கிக் கிடந்த ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் முதலாய பழைய இங்கிலாந்துக் கார்கள் மீண்டும் தெருவுக்கு வந்தன. புதிய யப்பானியக் காரை வைத்திருந்த செல்வர் அதனைத் துணியால் மூடிவைக்க, தந்தையார் காலத்துக் காரை விற்காது வைத்திருந்தவர் ஊருக்கு வேண்டியவராயினர்.

பழைய கார்களுக்கு இச்சிறப்பு வாய்த்ததன் காரணம் அவற்றின் பழைமையே. சிலிண்டருக்குட் கலவையை அமுக்கும் அளவு அவற்றிலே குறைவு. ஏழு பங்கு இடத்தை ஒரு பங்காக்கும் அளவை ஒட்டியே பல அமைந்திருந்தன. இக்காலக் கார்களில் அது பத்துக்கு மேல். மண்ணெண்ணெய் ஆவி மிகுந்த அமுக்கத்தைப் பொறாது. பிளக்கிலே பொறி எழுந்து தீ ஒழுங்காய்ப் பரவுமுன்னரே, ஒரு மூலையில் நின்ற கலவை தானாகப் பற்றிச் சுத்தியலால் அடிப்பது போலத் தட்டும். அமுக்கம் குறைந்த பழைய இயந்திரமும் தட்டவே செய்தது. ஆயினும் உடையாது தாங்கிற்று. மேலும், மொறிஸ் மைனரின் பிற்கால இயந்திரத்தைப் போன்ற பலவற்றிலே கலவை உட்செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் புகையின் சூடு உட்செல்லும் கலவையைச் சுடவைத்தது. பெற்றோல்மாக்ஸின் சூடான குழாய் செய்த வேலையை இங்கே இக்குழாய் செய்தது என்க.

ஓடத் தொடங்கிய பின் சரி, தொடங்குவது எங்ஙனம்? சாரதி முன்மூடியைத் திறந்து, காபுறேற்றரின் வாயிலே சிறு குப்பியிலிருந்து சில துளி பெற்றோல் விடுவார். பற்றரி கிடையாத காலமாதலின் ஒருவர் முன்புறத்திற் கைப்பிடியைச் செருகிச் சுழற்றுவார். அல்லது அயலார் கூடித் தள்ளுவர். இயந்திரம் இருமுறை இருமி எழும்; மீண்டும் அடங்கப் பார்க்கும்; மீண்டும் சில துளி. அவ்வாறு சூடேறும்வரை ஊட்டியபின் மண்ணெண்ணெய் பொறுப்பை ஏற்கும். மழைக்கால விடியற்காலையில் இது நெடுநேரம் எடுக்கும். நண்பகலில் விரைவில் முடியும். பற்றுதற்கு வேண்டிய 38 பாகைக்கும் காற்றின் சூட்டுக்கும் இடையேயுள்ள தொலைவு அவ்விரு பொழுதிலும் ஒன்றன்று அல்லவா? நோயாளியை ஏற்றிவந்த சாரதி ஆசுபத்திரி வாயிலில் இயந்திரத்தை அணைக்காது நின்றதன் காரணமும் இதுவே. அணைத்துவிட்டால் மீண்டும் எழுப்புதற்குப் பெற்றோல் வேண்டும். குப்பியில் எஞ்சியது அடுத்த நோயாளிக்கு உரியது.

இங்கிலாந்திலே இதனை ஒரு தொழிற்சாலையே செய்து விற்றது. 1940 களின் இறுதியில் வெளிவந்த பேர்கசன் உழவு இயந்திர வகையொன்று, உழவர்க்கென மலிவாய் விற்கப்பட்ட மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடிற்று. அதற்கும் இரு தாங்கிகள். அதற்கும் பெற்றோலில் எழுப்பிச் சூடேறியபின் மாற்றும் திருகு. ஆவியாக்கும் குழாயைச் சூழச் சூட்டைத் தேக்கும் தகடு. அமுக்கத்தையும் வேண்டுமென்றே குறைத்து அமைத்தனர். எமது கராச்சுத் தொழிலாளர் அந்நூல்களைக் கற்றவரல்லர். வாழைத் தோட்டத்து இறைப்பு இயந்திரத்தைக் கற்றவர்.

இதனைத் தமிழர் கண்ட பெரும் புதுமை என மேடைகளிற் புகழ்வாரோடு நாம் முற்றும் உடன்படோம். வேறு வழியின்மையாற் செய்தது அது. அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து அடியிலுள்ள ஒயிலோடு கலந்தது. ஓட ஓடக் குறைய வேண்டிய ஒயில் அளவுகோலிலே கூடிக் காட்டிற்று! கூடியதைக் கண்டு மகிழ்ந்தவர் சில மாதத்தில் இயந்திரத்தை இழந்தனர். நீர்த்த ஒயில் தேய்வைத் தடுக்காது. புகையோ கண்ணைக் கரித்தது. காரின் பின்னே சைக்கிளிற் சென்றவர் அடுத்த ஒழுங்கையில் இறங்கி நின்று இளைப்பாறினர்.

1995 ஒற்றோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது பெரும்பாலோர் நடந்தும் சைக்கிளை உருட்டியுமே சென்றனர். உழவு இயந்திரப் பெட்டியிலே வீட்டுச் சாமான்களை ஏற்றி, அதன் கீழே சாக்கு விரித்து இரவைக் கழித்தோர்க்கு மோட்டார் வீடு என்னும் சொல் வேறொரு பொருளைத் தரும்.

2022 இல் நாடு முழுவதும் எரிபொருள் இன்றித் தவித்தபோது, பழைய வித்தையை மீண்டும் செய்தால் என்ன என்று முதியோர் சிலர் கேட்டனர். செய்ய இயலவில்லை. அவ்வாண்டு யூலையில் வந்த கியூ.ஆர். அட்டை மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரும் காருக்கு 20 லீற்றரும் எனத் தொடக்கத்தில் அளந்து கொடுத்தது. இக்காலக் காரிலே காபுறேற்றர் இல்லை, எரிபொருளைக் கணினி அளந்து தெளிக்கின்றது, அமுக்கமும் மிகுதி. மண்ணெண்ணெயும் மலிவாயிருக்கவில்லை. அவ்வாண்டு ஆகத்தில் அது லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது.

இவ்வளவையும் அறிந்தவர் மோட்டார் வீட்டுச் சூடாக்கியை நோக்கலாம். விடுமுறைக்கு ஊர் வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், கனடாவிலே தமது வண்டியிற் பூட்டிய கருவியைப் பற்றி எம்மிடம் கூறினார். அவருடைய தாயார் தொலைபேசியிற் பேசுந்தோறும், “தம்பி, படுக்கிற இடத்துக்குள்ள டீசலைக் கொளுத்திப்போட்டு நித்திரை கொள்ளாதை” என்று மன்றாடுவாராம். அந்த அம்மையார் தடைக் காலத்திலே மண்ணெண்ணெய்க் காரின் புகைக்குள் இருந்து பிரசவத்துக்குச் சென்றவர். அவருடைய அச்சம் பேதைமை அன்று. எங்கே அஞ்ச வேண்டும், எங்கே வேண்டியதில்லை என்பதைப் பிரித்தறிதலே வேண்டுவது.

ஜேர்மனியின் வெபாஸ்ரோ, எபர்ஸ்பெஹர் என்னும் நிறுவனங்கள் இக்கருவிகளாற் பெயர் பெற்றவை. இன்று சீனாவிலிருந்தும் மலிவானவை வருகின்றன. ஒரு சப்பாத்துப் பெட்டியிலும் சற்றுப் பெரிதான உலோகக் கூடு அது. வண்டியின் டீசற்றாங்கியிலிருந்தே தனிக் குழாய் மூலம் எரிபொருளைப் பெறுகின்றது. அக்குழாயின் நுனியைத் தாங்கியின் அடிவரை விடாது சற்று மேலே நிறுத்துவர். இரவு முழுவதும் எரிந்து டீசல் குறைந்தாலும், சூடாக்கி தானே அடங்கும்; காலையில் வண்டி ஓடுதற்கு வேண்டியது அடியில் எஞ்சியிருக்கும். அடுத்த நோயாளிக்கெனக் குப்பியில் விட்டுவைத்த பெற்றோல் எமது நினைவுக்கு வருகின்றது.

டீசலை இழுப்பது சிறு பம்பி. அது தொடர்ந்து ஊற்றுவதில்லை; ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு துளியாகத் தள்ளும். வண்டிக்குள் உறங்குவோர் செவியில் விழும் ‘டிக், டிக்’ ஓசை அதுவே. ஓசை விரைந்தால் சூடு மிகுகின்றது என்று பொருள். துளி சென்று விழுமிடத்திலே உலோக இழையாலான மெத்தை போன்றதொரு வலை உண்டு. அதன் அருகே பற்றரி மின்சாரத்தாற் செந்நிறமாய்க் கனலும் ஒரு முளை. தொடக்கத்தில் முளை வலையைச் சுடவைக்க, வலையிற் பரந்த டீசல் ஆவியாகிப் பற்றிக்கொள்ளும். தீ நிலைத்தபின் முளை அணைந்துவிடும். தீயின் சூடே அடுத்த துளியை ஆவியாக்கும். உலோக வலை திரியாயிற்று; கனலும் முளை ஸ்பிரிற்றுக் கிண்ணமாயிற்று. ஜாம் போத்தலும் பெற்றோல்மாக்ஸும் ஒரே கூட்டுக்குட் குடியேறியிருக்கின்றன.

இச் சிறு கருவி 2 கிலோவாற்றுச் சூட்டைத் தருதற்கு மணிக்கு ஏறத்தாழக் கால் லீற்றர் டீசல் போதும். தணித்து வைத்தால் அதில் அரைவாசி. முன்னர் லொறிச் சாரதிகள் குளிருக்கு அஞ்சிப் பெரிய இயந்திரத்தையே இரவு முழுவதும் ஓடவிடுவர்; அதற்கு மணிக்கு மூன்று லீற்றர் வரை செலவாகும்.

தாயாரின் அச்சத்துக்கு விடை கூட்டின் அமைப்பில் உள்ளது. உள்ளே இரு காற்றுகள் ஓடுகின்றன. எரிதற்கு வேண்டிய காற்று வண்டியின் அடியிலிருந்து வந்து, எரிந்து, புகையாகி, வேறொரு குழாய் வழியே மீண்டும் வெளியே போகின்றது. உறங்குமிடத்துக் காற்று தீயைத் தொடுவதே இல்லை. தீ இருக்கும் உலோகச் சுவரின் மறுபுறத்தைத் தடவிச் சூடேறித் திரும்புகின்றது. ஆகவே ஒழுங்காய்ப் பூட்டிய கருவி புகையைப் படுக்கையறைக்கு விடாது. ஒழுங்காய்ப் பூட்டாததே ஆபத்து. புகைக்குழாயின் மூட்டுத் தளர்ந்து தரையின் துவாரம் வழியே உள்ளே கசிந்தாலும், பனி குவிந்து வெளிவாய் அடைபட்டாலும், காபனோரொட்சைட்டு என்னும் வாயு உள்ளே சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலையிடியும் சோர்வும் தோன்றும். நித்திரையில் இருப்பவர் அவற்றையும் உணரார்.

எம் ஊர் வீடுகளில் விளக்கு எரிந்த அறைக்கு ஓட்டு இடுக்கும் திறந்த யன்னலும் இருந்தன. கரி மூக்கோடு நின்றது. குளிர்நாட்டு வண்டியோ காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டது. அதனுள்ளே கரியடுப்பையோ சமையல் வாயு அடுப்பையோ குளிர்காய்வதற்கென எரியவிட்டு உறங்குதல் ஒருபோதும் தகாது. டீசற் சூடாக்கி உள்ள வண்டியிலும் அவ்வாயுவை உணர்ந்து ஒலிக்கும் சிறு கருவியைப் படுக்கையருகே பொருத்தல் வேண்டும். அதன் விலை ஒருவேளை உணவின் விலையிற் பெரிதும் மிகாது. மலிவான சூடாக்கியை வாங்கித் தாமே பூட்டுவோர், புகைக்குழாயின் மூட்டுக்களை வண்டித் தரைக்குக் கீழே வெளியில் வைத்து, குழாயின் வாயை யன்னலுக்கும் கதவுக்கும் அப்பாற் கொண்டுபோதல் வேண்டும். நிறுத்தும்போது பற்றரித் தொடர்பை அறுத்துவிடலாகாது. ஆளியை அணைத்த பின்னும் விசிறி சில நிமிடம் சுழன்று தீ இருந்த இடத்தை ஆற்றும். அதனைத் தடுத்தால் உட்பகுதி வெந்து கெடும். மேலும், எந்நாளும் தணித்தே எரிப்பவர் கருவிக்குட் கரி படியும். இடையிடையே கால் மணி நேரமாவது முழு வேகத்தில் எரியவிட்டால் அக்கரி எரிந்துபோகும். திரியைத் தணித்து எண்ணெய் மிச்சம் பிடித்த காலத்திலே மூக்கிற் படிந்த கரியும் இதுவே.

எஞ்சியது டீசலின் ஒரு குணம். கனடா நாட்டினரான ஏபிரகாம் கெஸ்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கெரோசின் என்னும் பெயரை ஆக்கியபோது, மெழுகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அதனை எடுத்தார். மெழுகு டீசலில் மிகுதியாய்க் கரைந்திருக்கின்றது. கடுங்குளிரில் அது பிரிந்து, டீசலைப் பாகு போலாக்கி, வடியையும் குழாயையும் அடைக்கும். கோடையில் நிரப்பிய டீசலோடு மாரிக்குட் புகுந்த வண்டியிலே சூடாக்கியும் ஓயும், இயந்திரமும் ஓயும். இதற்கெனக் குளிர்நாட்டு எரிபொருள் நிலையங்கள் மாரிகாலத்தில் மெழுகு குறைந்த இலேசான டீசலை விற்கின்றன. வட அமெரிக்காவில் முதலாம் இலக்க டீசல் என வழங்கும் அப்பொருள் பெரும்பாலும் எமது மண்ணெண்ணெயே.